பதினேழாம் கேள்வியில் ஒரு சொல்

கமலாசனிக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை அவள் யாரிடமும் சொல்லி அழுததும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் அச்சாகிய பன்னிரண்டு பக்கக் கட்டுரை ஒன்றைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால், தலைப்பிள்ளையின் சுகம் விசாரிக்கப்பட்ட தாயைப் போல அவள் முகம் மலர்ந்துவிடும். "அது இப்ப எங்கையெல்லாம் போய்ச் சேர்ந்திருக்குது தெரியுமே" என்று தொடங்கிவிடுவாள். சீராட்டி வளர்த்த பிள்ளை ஊரார் மேல் பழி சுமத்திவிட்டு ஒருநாள் வாசலில் வந்து நிற்கும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

கொக்குவிலில் பிறந்தவள். எண்பத்தொன்றில், பட்டம் பெற்ற கையோடு, கண்டியில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அப்பால் மேட்டின் மீதிருந்த ஒரு சிறிய சுகாதார ஆய்வு நிலையத்துக்கு உதவியாளராக வந்தாள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கண்டியில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, அவள் அறை எடுத்திருந்த வீட்டுச் சிங்கள அம்மா அவளைப் பின்னறையில் விறகுக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார வைத்துக் கதவைப் பூட்டினாள். விறகு வாசமும் வெளியே எரிந்த கடைகளின் புகையும் கலந்து அவள் மூக்கில் ஏறின. அந்தக் கலவை பிறகு எத்தனையோ வருடம் அவளை விட்டுப் போகவில்லை. கூட வேலை செய்த யாழ்ப்பாணத்தார் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். அவள் தம்பி கனடாவுக்குப் போனான். "வந்திடு பிள்ளை" என்று அம்மா எழுதாத கிழமை இல்லை.

அவள் போகவில்லை. காரணம் நிலையத்தின் தலைவர் டொக்டர் விமலநாதன். அவரும் யாழ்ப்பாணத்தார்தான். கலவரம் ஓய்ந்த மறுவருடம் அவர் பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கினார். கட்டிளம் பருவத்தினரின் சுகாதார ஆபத்து நடத்தைகள் என்பது அதன் பெயர். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் புகைக்கிறார்களா, குடிக்கிறார்களா, சண்டை பிடிக்கிறார்களா, உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறார்களா என்று கேட்டு எழுதுவது. ஹுன்னஸ்கிரிய தொடங்கி நாவலப்பிட்டி வரை உள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலைகளை அவர் தேர்ந்தெடுத்தார். வெளிநாட்டில் தயாரான வினாக்கொத்தைத் தமிழாக்கும் வேலை கமலாசனியிடம் வந்தது.

"புத்தகத் தமிழ் வேண்டாம். பிள்ளையளுக்கு விளங்கிற மாதிரி எழுதும்" என்றார் விமலநாதன்.

அவள் ஒவ்வொரு சொல்லாக எடைபோட்டு எழுதினாள். பதினேழாம் கேள்விக்கு வந்தபோது சற்று நின்றாள். கடந்த பன்னிரண்டு மாதங்களில் எத்தனை முறை குடித்து நிலை தடுமாறினாய் என்பது ஆங்கிலத்தில் இருந்த கேள்வி. 'மதுமயக்கம்' என்று எழுதிப் பார்த்து, பண்டிதத்தனமாக இருக்கிறதென்று வெட்டினாள். 'போதை' என்று எழுதினாள். சினிமாப் பேச்சுப் போல இருந்தது. கடைசியில் கொக்குவிலில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சொல்லைப் போட்டாள். 'கடந்த பன்னிரண்டு மாதங்களில் உமக்கு எத்தனை தடவை வெறி ஏற்பட்டது?'

யாழ்ப்பாணத்தில் குடித்துத் தள்ளாடி வருபவன் வெறிக்காரன். காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு எழும்பினால் வெறி முறிந்துவிட்டது என்பார்கள். அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் தேடவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. விமலநாதனுக்கும் தோன்றவில்லை. நல்ல சொல் என்று பாராட்டினார்.

வினாக்கொத்தில் பிள்ளைகள் பெயர் எழுதத் தேவையில்லை. அவர்கள் பயமில்லாமல் எழுதுவதற்காக ஆசிரியர்களை வகுப்புக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும். நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளியில் ஒல்லியான வாத்தியார் ஒருவர் சோக்குக் கட்டியோடு வாசலில் நின்று சிரித்தார்.

"என் வகுப்புல இருந்து என்னையவே வெளிய போடுறீங்களே மிஸ். நான் என்னா குழப்படி பண்ணினேன்?"

"குழப்படி செய்யேல்லை. நீங்கள் நிண்டால் பிள்ளையள் உண்மை எழுதமாட்டினம்."

"அதுங்க என்கிட்டயும் உண்மையத்தான் சொல்லும். நான்தான் கேக்குறதில்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பெயர் ராஜலிங்கம்.

தாள்களைக் கூட்டிப் பார்த்தபோது டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். பதினேழாம் கேள்விக்கு நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பேர் தமக்கு வெறி ஏற்பட்டதாக எழுதியிருந்தார்கள். பல தடவை, எண்ணமுடியாத தடவை என்று எழுதியவர்களும் இருந்தார்கள். ஆனால் சாராயம் வாங்கியதுண்டா என்ற கேள்விக்கு மிகச் சிலரே ஆம் என்றிருந்தார்கள்.

"இது பொருந்தேல்லையே சேர்" என்றாள் கமலாசனி.

விமலநாதன் யோசித்தார். "ஏன் பொருந்தாது? வாங்கத் தேவையில்லை. வீட்டில தாய் தகப்பன் வைச்சிருக்கிறதைக் குடிக்கினம். அங்க அது சாதாரணம்."

அந்த விளக்கமும் கட்டுரையில் ஏறியது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பெற்றோரே வீட்டில் குடிக்கப் பழக்குகிறார்கள் என்று. அந்த வசனத்தைத் தட்டச்சு செய்தவளும் கமலாசனிதான். அந்த வேளையில் அவள் விரல் ஒன்றாவது தயங்கியிருக்கக் கூடாதா? தயங்கவில்லை. தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளைப் பற்றி அவள் சிறு வயது முதல் கேட்டிருந்ததெல்லாம் அந்த விளக்கத்தோடு நன்றாகவே பொருந்திப்போயிற்று.

எண்பத்தாறில் கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் வந்தது. விமலநாதனின் பெயருக்கு அடுத்து அவள் பெயர். சில மாதங்களில் தபால் அட்டைகள் வரத் தொடங்கின. மணிலாவிலிருந்து, பின்லாந்திலிருந்து, பெயரை வாசிக்கவே தெரியாத ஊர்களிலிருந்து, தங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்பமுடியுமா என்று கேட்டு. பிறகு அவர்களும் எழுதத் தொடங்கினார்கள். யார் எந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று திரட்டிச் சொல்லும் தடித்த தொகுதிகள் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தன. எறும்பு ஊர்வது போல எழுத்து. சனிக்கிழமைகளில் அவள் பூதக்கண்ணாடியோடு அங்கே போய்க் குனிந்துகொள்வாள். இரண்டு, ஐந்து, ஒன்பது என்று மேற்கோள்கள் ஏறின. எண்பத்தேழில் கொக்குவில் வீட்டின் மீது ஷெல் விழுந்தது. ஐயாவின் படமும் அலுமாரியும் கிணற்றுக் கட்டும் போயின. அம்மா உயிர் தப்பிக் கனடாவுக்குத் தம்பியிடம் போனாள். அந்தச் செய்தி வந்த கிழமையும் கமலாசனி நூலகத்துக்குப் போனாள். புதிதாக மூன்று மேற்கோள்கள் இருந்தன. யுத்தத்தால் எரிக்கமுடியாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தின் மேலேயே முகத்தை வைத்து அழுதாள்.

விமலநாதன் அந்தக் கட்டுரையின் பலத்தில் இங்கிலாந்துக்குப் போனார். கமலாசனி ராஜலிங்கத்தைக் கட்டினாள்.

வகுப்புக்கு வெளியே நின்ற அந்த வாத்தியார் கண்டிக்கு வரும்போதெல்லாம் ஆய்வு நிலையத்துக்கும் வரத் தொடங்கியிருந்தார். "தோட்டத்து ஆளையோ கட்டப்போறாய்" என்று அம்மா கனடாவிலிருந்து அழுதாள். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் தாலி கட்டினார்கள். நாவலப்பிட்டியில் ஒரு வாடகை வீட்டில் குடியேறினார்கள். காலையில் அவள் ரயிலில் கண்டிக்குப் போவாள். அவர் பஸ் ஏறி மலைக்குப் போவார்.

வீட்டுக்குள் இரண்டு தமிழ் உலாவியது.

"போனில அம்மா என்னை நல்லாப் பேசினவ" என்பாள் அவள்.

"பேசினாங்கல்ல? கோவம் போயிருச்சுன்னு அர்த்தம்."

"ஐயோ, பேசினவ எண்டால் ஏசினவ."

"அப்ப சும்மா பேசினா என்னான்னு சொல்லுவீங்க?"

"கதைச்சவ எண்டு."

"கத சொன்னாங்களா, சரி" என்று சிரிப்பார். மேற்கோள் என்ற சொல்லையும் அவர் விடவில்லை. "கோள் சொன்னா அடி விழும். நீங்க மேல இருந்து சொல்றதால மேற்கோளா?"

அவளும் சிரிப்பாள். ஆனால் அந்தக் கட்டுரையில் என்ன இருக்கிறது என்று அவரிடம் அவள் விவரமாகச் சொன்னதில்லை. பிள்ளைகளின் சுகாதாரம் பற்றியது என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அவருடைய சனத்தைப் பற்றிய அந்த ஐம்பத்தெட்டை அவர் முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கு நாக் கூசியது.

ராஜலிங்கத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை இருந்தது. தன் பள்ளிக்கு, பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்தர வகுப்பு வேண்டும். அங்கே பதினாறு வயதில், சாதாரண தரத்தோடு படிப்பு முடிந்துவிடும். பட்டணத்துப் பள்ளியில் இடம் கிடைக்காது, கிடைத்தாலும் பஸ்ஸுக்கு வழியிராது. பெண்பிள்ளைகள் கொழுந்து பறிக்கும் கூடையைத் தூக்குவார்கள் அல்லது கொழும்பில் யார் வீட்டிலோ பாத்திரம் கழுவுவார்கள். ஒரு கட்டடமும் மூன்று ஆசிரியர்களும் போதும் என்று அவர் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். தொண்ணூறில் வெளிநாட்டு உதவியோடு தோட்டப் பள்ளிகளுக்கென்று ஒரு திட்டம் வந்தது. கண்டியில் கூட்டத்துக்கு அழைத்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

மாலையில் திரும்பியவர் கதிரையில் உட்கார்ந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை. கமலாசனி தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவர் கையால் தள்ளினார். அப்படி ஒருநாளும் செய்யாத மனிதர்.

"என்னப்பா, என்ன நடந்தது?"

"கிட்ட வராத கமலா. நான் பொல்லாத வெறியில வந்திருக்கேன்."

அவள் திகைத்துப்போய் நின்றாள். "எங்க குடிச்சனீங்கள்?"

"என்னாத்த குடிச்சேன்?"

"நீங்கள்தானே சொன்னியள். ஒருநாளும் தொடமாட்டன் எண்டு எனக்குச் சத்தியம் பண்ணினீங்கள்." அவள் குனிந்து அவர் வாயருகே மணந்து பார்த்தாள். வெற்றிலை வாசம் மட்டும்தான் இருந்தது.

"ஏய், என்னா நாய் மாதிரி மோப்பம் புடிக்கிற. யார் குடிச்சா? வெறின்னா கோவம். தலைக்கு ஏறி, எதையாச்சும் ஒடைக்கணும் போல வருமே, அது."

"கோவத்தையோ வெறி எண்டுறியள்?"

"பின்ன? எங்காளுங்க யாரைக் கேட்டாலும் அதத்தான் சொல்லும். குடிச்சா போதை. தண்ணி போட்டிருக்கான்னு சொல்லுவோம்." அவர் பெருமூச்சு விட்டார். "அங்க ஒரு பெரிய மனுசன் எழும்பிச் சொல்றான், உயர்தர வகுப்பு இருக்கட்டும், மொதல்ல உங்க புள்ளைங்க குடிக்கிறத நிப்பாட்டுங்கன்னு. நூத்துக்கு ஐம்பத்தெட்டு குடிக்குதாம். அப்பன் ஆத்தாளே ஊத்திக் குடுக்குறாங்களாம். உலகம் பூரா ஒத்துக்கிட்ட ஆராய்ச்சியாம். எத்தன பேரு மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு வேற வாசிக்கிறான். கமலா, எந்தப் பாவி எழுதினானோ..."

அவர் மேலே என்ன சொன்னாரோ, அவள் காதில் விழவில்லை. உமக்கு எத்தனை தடவை வெறி ஏற்பட்டது. கேட்டது எண்பத்து நான்கில். கடந்த பன்னிரண்டு மாதங்களில் என்று கேட்டிருந்தாள். எந்தப் பன்னிரண்டு மாதங்கள்? லயன்களுக்கு நெருப்பு வைத்த மாதங்கள். பிள்ளைகள் தகப்பன்மாரோடு தேயிலைக்குள் ஒளிந்து படுத்துக் கிடந்த மாதங்கள். சாராயக் கேள்வியும் வெறிக் கேள்வியும் ஏன் பொருந்தவில்லை என்று அப்போதுதான், ஆறு வருடம் கழித்து, அவள் நெஞ்சில் இடி விழுந்தாற்போல் விளங்கியது.

"நான்தான்" என்றாள்.

"என்னா நான்தான்?"

"அந்தப் பாவி நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். ராஜலிங்கம் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்தார். பிறகு எழுந்து முற்றத்துக்குப் போய் வெகுநேரம் நின்றார். உள்ளே வந்தபோது அவர் குரல் உடைந்திருந்தது.

"அப்ப புள்ளைங்க உண்மையத்தான் எழுதியிருக்குதுங்க."

"ஓம்."

"நீ அத திருத்து, கமலா. அது போதும்."

அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. அவள் சஞ்சிகைக்கு எழுதினாள். முதல் ஆசிரியரின் சம்மதம் வேண்டும் என்றார்கள். விமலநாதனுக்கு எழுதினாள். பதில் வரவில்லை. மறுவருடம் அவர் கண்டிக்கு ஒரு மாநாட்டுக்காக வந்தார். குளத்தைப் பார்த்த ஹோட்டல் ஒன்றில் அவரைச் சந்தித்தாள். நரைத்திருந்தார். மேல்நாட்டுக் கோட்டு நன்றாகப் பொருந்தியிருந்தது.

"நூறு பேருக்கு மேல மேற்கோள் காட்டியாச்சு, கமலாசனி. இனி அது எங்கட பேப்பர் இல்லை."

"பிழையான பேப்பர், சேர். ஒரு தோட்டத்து வாத்தியாருக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டியிருந்தா அண்டைக்கே தெரிஞ்சிருக்கும்."

"நீர்தானே மொழிபெயர்த்தது?"

அந்த ஒரு கேள்வி அவளை ஊசியாய்க் குத்தியது. தலை குனிந்தாள். அவர் மனம் இளகியோ என்னவோ, கதிரையை அருகே இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சரி, திருத்துவம். என்னெண்டு எழுதப்போறீர்? குடியில்லை, ஆத்திரம் எண்டு எழுதுவீரோ? அரசாங்கத்தோட ஆத்திரம், பக்கத்து ஊரோட ஆத்திரம், நூறு தமிழ்ப் பெடியளில ஐம்பத்தெட்டுப் பேருக்கு எண்டு அச்சில போடுவீரோ? எந்தத் தோட்டம், எந்தப் பள்ளிக்கூடம் எல்லாம் அதில கிடக்கு. குடிகாரர் எண்டால் சிரிச்சுப்போட்டு விடுவாங்கள். ஆத்திரக்காரர் எண்டால் வந்து பிடிச்சுக்கொண்டு போவாங்கள். இப்ப நாடு கிடக்கிற கிடையில யோசியும்."

அவர் தன் பதவிக்காகவும் பேசுகிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதும் தெரிந்தது. அதுதான் அவளை வதைத்தது. ரயிலில் வரும் வழியெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் ராஜலிங்கத்திடம் சொன்னாள். சொல்லின் பொருள் வேறு, அந்தக் கணக்கு குடியைக் காட்டவில்லை என்று மட்டும் எழுதலாம், கோபம் என்று எழுதவேண்டாம் என்றாள்.

அவர் ஏற்கவில்லை. "அதுங்க வாழ்க்கையில மொத தடவையா ஒருத்தர் கேட்டாங்கன்னு மனசத் தொறந்திருக்குதுங்க. நீங்க அதுல சாராயத்த ஊத்தினீங்க. இப்ப அதையும் கொட்டிட்டு வெறும் கிளாஸக் காட்டப் போறீங்களா?"

"நாளைக்கு உங்கட பள்ளிக்கூட வாசலில ஜீப் வந்து நிண்டால்?"

"எப்பவும்தான் நிக்குது."

"அப்ப என்ர கையெழுத்தால வந்து நிக்கக் கூடாது."

பல கிழமைகள் இருவரும் அவசியத்துக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். ஒரே பாயில் இரண்டு கரைகளைப் போலக் கிடந்தார்கள். அந்த இடைவெளியில்தான் கண்டி பஸ் நிலையத்தில் நடந்த பொலிஸ் சுற்றிவளைப்பில் அவருடைய பழைய மாணவர்கள் இருவர் பிடிபட்டார்கள். கடையில் வேலை தேடிப் போனவர்கள். அவர்களிடம் இருந்தது தோட்ட விலாசம் மட்டும், அடையாள அட்டை இல்லை. ராஜலிங்கம் பொலிஸ் நிலையம் பொலிஸ் நிலையமாக ஏறி இறங்கினார். ஒருவன் மூன்று மாதம் கழித்து வந்தான். மற்றவன் எங்கே என்று கேட்டால் சுவரைப் பார்த்தான்.

அவனைப் பார்த்துவிட்டு வந்த அன்று ராஜலிங்கம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "எழுது. நீ சொன்ன மாதிரியே எழுது" என்றார். அவர் கண்ணீரை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்று வரி. பதினேழாம் கேள்வியில் பயன்படுத்திய சொல்லுக்கு, பதிலளித்தவர்களின் வழக்கில் வேறு பொருள் உண்டு. ஐம்பத்தெட்டு என்ற எண் மது அருந்துதலைக் குறிக்காது. பெற்றோரைப் பற்றிய விளக்கம் விலக்கிக்கொள்ளப்படுகிறது. யாரையும் உறுத்தாத வசனங்கள் என்பதால் விமலநாதனும் கையெழுத்திட்டார். தொண்ணூற்றிரண்டில் சஞ்சிகையின் கடைசிப் பக்கத்தில், விளம்பரம் ஒன்றுக்குக் கீழே அது வந்தது.

அதை எடுத்துக்கொண்டு இருவரும் கண்டிக்குக் கல்வி அதிகாரியைப் பார்க்கப் போனார்கள். தமிழ்ப் பாடசாலைகளுக்குப் புதிதாக வந்திருந்தவர் முஹைதீன். அக்குறணைப் பக்கத்து மனிதர். அவர் பேச்சில் 'சொல்' 'செல்' ஆகும், 'இருந்தேன்' 'ஈந்தேன்' ஆகும். மெதுவாக வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார்.

"மாஸ்டர், இது போதும். குடிக் கதைய வெட்டிட்டு வகுப்புக்கு நான் சிபாரிசு எழுதுறேன். ஆனா எனக்கு ஒண்ணு வெளங்குதில்ல. வேறு பொருள்னு போட்டீக்கிறீங்க. என்ன பொருள்?"

ராஜலிங்கம் மனைவியைப் பார்த்தார். அவள் உதடு பிரிந்தது. முஹைதீன் கையை உயர்த்தினார்.

"வேணாம் மிஸ். செல்லாதீங்க. செல்லினா நான் ஃபைல்ல எழுதணும். ஃபைல் என் மேசையோட நிக்கிற சாமான் இல்ல." பேனாவை மூடினார். "நானும் தமிழ்தானே பேசுறேன். எம்பத்திமூணுல நானும் இந்தக் கண்டியிலதான் ஈந்தேன்."

வெளியே வந்து படிகளில் இறங்கும்போது ராஜலிங்கம் சொன்னார்: "நல்ல மனுசன். ஆனா பாரு, அவரும் பதிலக் கேக்கல."

வகுப்பு உடனே வந்துவிடவில்லை. கோப்பு கொழும்புக்குப் போய்த் தூங்கியது. தொண்ணூற்று நான்கில் தேர்தல் வந்தபோதுதான் எழும்பியது. கட்டுரையோ தூங்கவே இல்லை. அது தன் பாட்டில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. மேற்கோள்கள் நூற்றைம்பதைத் தாண்டின. திருத்தத்தை ஒரே ஒருவர் மேற்கோள் காட்டியிருந்தார், அதுவும் பக்க எண்ணைப் பிழையாகப் போட்டு. கமலாசனி இன்னும் சனிக்கிழமைகளில் பூதக்கண்ணாடியோடு குனிந்துகொண்டுதான் இருந்தாள். இப்போது புதிய பெயரைக் கண்டதும் விலாசம் தேடி எழுதுவாள், அந்த எண் பிழை, தயவுசெய்து இனிப் பாவிக்கவேண்டாம் என்று. சிலர் நன்றி எழுதினார்கள். பலர் எழுதவில்லை. ஒருநாள் புதிய அறிக்கை ஒன்றில் அந்த ஐம்பத்தெட்டு அவள் பெயரும் இல்லாமல், விமலநாதன் பெயரும் இல்லாமல், வேறு யாரோ சொன்னதாக அச்சாகியிருந்தது. யாருக்கு எழுதுவது என்றுகூடத் தெரியாமல் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உயர்தர வகுப்புத் திறந்த அன்று பள்ளி வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். ராஜலிங்கம் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். மதிய இடைவேளையில் மலையிலிருந்து கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் இறங்கி வந்து வேலியோரமாக நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி, இருபத்து நாலு வயதிருக்கும், கமலாசனியை உற்றுப் பார்த்துவிட்டு அருகே வந்தாள்.

"மிஸ், நீங்கதானே எங்களுக்குப் பேப்பர் குடுத்து எழுதச் சொன்னது? நான் வீரம்மா. அப்ப ஒன்பதாம் வகுப்பு."

கமலாசனி ஓரடி கிட்டப் போனாள். "அந்தப் பேப்பரில வெறி வந்ததோ எண்டு ஒரு கேள்வி இருந்தது. ஞாபகமிருக்கோ?"

"இல்லாம? எத்தன தடவைன்னு கேட்டிருந்தீங்க. எங்க லயம் எரிஞ்ச வருசம் அது. தெனந்தான் வந்துச்சு. தெனம்னு எழுத அந்தக் கட்டத்துல எடம் பத்தல. பக்கத்துல இருந்தவளப் பாத்து இருபதுன்னு போட்டேன்." கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள். "ஏன் மிஸ், தப்பா?"

"இல்லை. நீ எழுதினது சரி."

"எழுதிட்டு வெளிய வந்து எல்லாரும் பேசிக்கிட்டோம். இத்தன பேரு எழுதியிருக்கோம்ல, படிச்சிட்டு யாராச்சும் வந்து ஏன்னு கேப்பாங்கன்னு. ரொம்ப நாளு, வண்டிச் சத்தம் கேட்டாலே எட்டி எட்டிப் பாப்போம்."

உள்ளே கை தட்டினார்கள். யாரோ பேசத் தொடங்கினார்கள். தான் காத்துக் கிடந்ததெல்லாம் தபால் அட்டைகளுக்காகத்தான் என்று கமலாசனி எண்ணிப் பார்த்தாள்.

"நான் இப்ப கேக்கிறன் வீரம்மா. ஏன் எண்டு சொல்லு."

வீரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு மெல்லப் போய்விட்டது. ஏதோ சொல்ல வந்தவள் போல மலைப்பக்கம் திரும்பினாள். அங்கே மற்றப் பெண்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள்.

"இப்ப சங்கு ஊதப்போகுது மிஸ். மலையில பேரு போடுறப்ப இல்லன்னா சம்பளத்த வெட்டிருவாங்க. ஞாயித்துக்கெழம நான் லயத்துலதான் இருப்பேன். வருவீங்களா?"

"ஓம். வாறன்."

சரி என்று வீரம்மா தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள்.